எந்த மாநிலத்து உரிமம் ஆனாலும் எங்கள் ஊர் ஏட்டில் ஏற வேண்டும்

திருவேற்காட்டில் தொடங்கும் ஆயுத உரிமச் சீர்திருத்த இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

திருவேற்காட்டிலும் அதை அடுத்த பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பகுதிகளிலும் குடியிருக்கும் நாங்கள் இன்று ஓர் இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கோ ஒரு மாநிலத்தில் வாங்கிய துப்பாக்கி உரிமத்தோடு ஒருவர் இங்கே வந்து தங்கலாம், வேலை பார்க்கலாம், ஆண்டுக்கணக்கில் வாழலாம், எங்கள் காவல் நிலையத்துக்கு அது தெரியாமலே போகலாம் என்ற நிலைமை இருக்கிறது. இதற்கு இடம் தரும் ஓட்டைகளை அடைக்க வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். உரிமம் எந்த மாநிலத்தில் எழுதப்பட்டதாக இருந்தாலும், துப்பாக்கி எந்த ஊரில் இரவு தங்குகிறதோ அந்த ஊர் ஏட்டில் அது பதிவாக வேண்டும். எங்கள் மற்றக் கோரிக்கைகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

'அதெல்லாம் வடநாட்டுப் பிரச்சினை, நமக்கெதற்கு' என்று கேட்பவர்களுக்கு முதலில் கணக்கைக் காட்டுகிறோம். 2016 டிசம்பர் இறுதியில் நாடெங்கும் நடப்பில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் 33.69 லட்சம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். 2011 கணக்கெடுப்பில் 7.21 கோடி மக்கள் இருந்த தமிழ்நாட்டில் 22,532. கேரளத்தில் 9,459. இருபது லட்சம் மக்கள்கூட இல்லாத நாகாலாந்தில் 36,606. ஒன்றேகால் கோடிப் பேர் வாழ்ந்த ஜம்மு காஷ்மீரில் 3.69 லட்சம். நம் மாவட்ட ஆட்சியர்களும் காவல்துறையும் இந்த விஷயத்தில் கை இறுக்கமாக இருந்திருக்கிறார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் இந்தப் பட்டியல் உரிமம் எங்கே எழுதப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது என்பது அதில் இல்லை. காஷ்மீர்க் கணக்கில் எழுதப்பட்ட துப்பாக்கி அம்பத்தூரில் ஒரு கிடங்கு வாசலில் நிற்கலாம். அப்போதும் அது காஷ்மீர்க் கணக்குத்தான். நம் கை இறுக்கத்துக்கு என்ன பயன்?

எழுதிக் கொடுத்த இடங்களின் லட்சணம் வெளிவந்த கதையையும் சொல்ல வேண்டும். 2017ல் ராஜஸ்தானின் பயங்கரவாதத் தடுப்புப் படை ஒரு துப்பாக்கி உரிமக் கும்பலைப் பிடித்தது. விசாரணை ஜம்மு காஷ்மீரின் மாவட்ட அலுவலகங்கள் வரை போனது. அடுத்த ஆண்டு வழக்கு சிபிஐ கைக்கு மாறியது. 2012 முதல் 2016 வரை அங்கே சுமார் 2.78 லட்சம் உரிமங்கள் தகுதியில்லாதவர்களுக்கு வழங்கப்பட்டன, ஆயுதக் கடைக்காரர்களும் தரகர்களும் அதிகாரிகளும் கூட்டுச் சேர்ந்து பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலை இது என்பது சிபிஐயின் குற்றச்சாட்டு. குப்வாரா மாவட்ட ஆட்சியராக இருந்த இரண்டு ஐஏஎஸ் அதிகாரிகள் 2020ல் கைதானார்கள். 2021 ஜூலையில் சுமார் 40 இடங்களில் சோதனை நடந்தது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எங்களைத் தூங்கவிடாத கேள்வி வேறு. அந்த உரிமங்களைக் காட்டி வாங்கிய துப்பாக்கிகள் எங்கே? வாங்கியவர்களில் வெளிமாநிலத்தவர் பலர் என்கிறார்கள். அவரவர் ஊருக்குத்தானே கொண்டுபோயிருப்பார்கள்? எந்தெந்த ஊர் என்ற பட்டியலை எந்த மாநில மக்களுக்கும் யாரும் கொடுக்கவில்லை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிய, சட்டத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1959ல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். 2016ல் வந்த ஆயுத விதிகளும் அப்படியே. சட்டம் ஒன்று, ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் அலுவலகங்கள் நூற்றுக்கணக்கில். சாதாரண ரகத் துப்பாக்கிக்கு உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர், பெருநகரங்களில் காவல் ஆணையர். எங்கே விண்ணப்பிக்கலாம்? ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில், அல்லது தொழில் பார்க்கும் இடத்தில். இந்த 'அல்லது'தான் முதல் ஓட்டை. பணிமாறுதலில் ஊர் ஊராகப் போகிற படைவீரருக்கு இது நியாயமான வசதி. தரகருக்கோ இது திறந்து கிடக்கும் கதவு. அந்த மாவட்டத்தில் காலடி வைக்காதவருக்கும் ஒரு பணியிட முகவரியை உண்டாக்கிக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, விசாரணை. விண்ணப்பம் வந்ததும் அருகிலுள்ள காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்க வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால் அதற்கு மேலும் காத்திராமல் முடிவெடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதோடு, அந்த அறிக்கையைத் தருவது புதிய முகவரியின் காவல் நிலையம். விண்ணப்பதாரர் பிறந்து வளர்ந்த ஊரில், அவர்மேல் அடிதடி வழக்கு இருக்கிறதா, மனைவி புகார் கொடுத்திருக்கிறாரா, குடித்துவிட்டுத் தெருவில் தகராறு செய்கிறவரா என்பதை அறிந்த ஏட்டையாவிடம் யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது, மறுக்கப்பட்டவர்கள். முன்பு எங்காவது விண்ணப்பித்து மறுக்கப்பட்டதா என்று விண்ணப்பப் படிவம் கேட்கிறது. பதிலை எழுதுபவர் விண்ணப்பதாரர். 'இல்லை' என்று எழுதினால், அது பொய் என்று கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு எந்த மேசையில் இருக்கிறது? திருவள்ளூரில் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வாசலைத் தட்டலாம்.

நான்காவது, குடிமாற்றம். உரிமம் வைத்திருப்பவர் துப்பாக்கியோடு வேறு ஊரில் குடியேறினால் முப்பது நாளுக்குள் பழைய இடத்து அதிகாரிக்கும் புதிய இடத்து அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் தெரிவிக்காதவரை யாரும் தேடி வருவதில்லை. வீட்டை வாடகைக்கு விடும்போதுகூடக் குடிவருபவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். அவர் பெட்டிக்குள் இருக்கும் கைத்துப்பாக்கிக்கு அந்தக் கேள்விகூடக் கிடையாது. லக்னோவில் பெற்ற உரிமத்தை டெல்லி முகவரிக்கு மாற்றிக்கொண்டு, பழைய இடத்துக்கு முறையாகச் சொல்லாமல் அதன்பேரில் மேலும் துப்பாக்கிகள் வாங்கியதாக ஓர் அரசியல் குடும்பத்து வாரிசின்மேல் 2019ல் லக்னோ காவல்துறை வழக்குப் போட்டது. ஊரறிந்த பெயருக்கே இது சாத்தியம் என்ற குற்றச்சாட்டு எழுகிறது என்றால், பெயர் தெரியாதவர் விஷயத்தில் யார் கவனிப்பார்கள்?

இந்த ஓட்டைகளை எல்லாம் அடைக்கத்தான் ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளம் வந்தது. ஒவ்வோர் உரிமத்துக்கும் தனி அடையாள எண் என்று அறிவித்தார்கள். எண் இல்லாத உரிமம் செல்லாது என்ற காலக்கெடு முதலில் 2015 அக்டோபர் என்றிருந்தது. பலமுறை தள்ளிப்போடப்பட்டு 2020 ஜூன் வரை நீண்டது. இந்தத் திட்டத்தை நாங்கள் மனதார ஆதரிக்கிறோம். இருந்தாலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். எழுதிக் கொடுக்கும் மேசையே விலைபோனால், விலைக்கு வாங்கிய உரிமத்துக்கும் அங்கேயே எண் போட்டுத் தந்துவிட முடியும். எண்ணைச் சரிபார்ப்பது போதாது. ஆளையும் துப்பாக்கியையும் அவை இருக்கும் ஊரில் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்லும்போது அது உறைக்குள், முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும், வெளியே எடுத்து வீசிக் காட்டக்கூடாது என்கின்றன 2016 விதிகள். சரியான விதி. கடைத்தெருவில் கைத்துப்பாக்கியைக் காட்டிக்கொண்டு நடப்பவரை நாங்களும் விரும்பவில்லை. ஆடி மாதத்தில் கருமாரியம்மன் கோயில் வீதியில் கூட்டம் நெரிகிறது. தோளோடு தோள் உரசி நிற்பவரின் இடுப்பில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அப்படியென்றால் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தாக வேண்டும் அல்லவா? சட்டம் துப்பாக்கியை மக்கள் கண்ணிலிருந்து மறைக்கச் சொல்வதாலேயே, காவல் நிலையத்தின் கண்ணிலிருந்து அது மறையக்கூடாது. எங்கள் கோரிக்கையின் முழு நியாயமும் இந்த ஒரு வாதத்தில் அடங்கியிருக்கிறது.

மூர்க்க நாயனார் பிறந்த ஊர் இது. சூதில் வென்ற பொருளால் அடியார்க்கு அமுது படைத்தவர், ஆட்டத்தில் வம்பு செய்தவரைச் சுரிகை எடுத்துக் குத்தியவர் என்று பெரியபுராணம் அவரைப் பாடுகிறது. உள்ளூரில் அவரோடு ஆட ஆளில்லாமல் போகவே, வெளியூர் போய்க் கும்பகோணம் வரை சென்றார். அவர் யார், அவர் இடையில் என்ன இருக்கிறது என்பது வேற்காட்டுக்குத் தெரிந்திருக்கும். போன ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேர்தல் அறிவிப்போடும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி ஆட்சியர்கள் உத்தரவு போடுகிறார்கள். 'கன் டெபாசிட்' என்று நிலையங்களில் சொல்வார்கள். நிலைய ஏட்டில் பெயர் உள்ளவர்கள் கொண்டுவந்து கொடுத்து ரசீது வாங்கிப் போகிறார்கள். கொடுக்காதவர் வீட்டுக்குக் காவலர் போகிறார். தோட்டத்துக்குக் காவலாகத் தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி தவறாமல் வந்து நிற்பார். ஏட்டிலேயே இல்லாத வெளிமாநில உரிமக்காரரை யார் கூப்பிடுவார்கள்? சட்டத்துக்குப் பணிகிறவர் துப்பாக்கி நிலையத்தில் இருக்கிறது, பணியாதவர் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. இப்படி ஒரு தேர்தல்கூட இனி எங்கள் பகுதியில் நடக்கக்கூடாது.

இனி, எங்களுக்கு மிகவும் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். ஏடிஎம்மில் பணம் நிரப்ப வரும் வண்டியோடு இரட்டைக்குழல் துப்பாக்கி ஏந்தி இறங்கும் காவலரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'கன்மேன்' என்பார்கள். பண வண்டிகளுக்காக மத்திய அரசு 2018ல் விதிகள் வகுத்தது. ஒரு வண்டிக்கு இரண்டு ஆயுதக் காவலர் வேண்டும், ஒரு நடையில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றக்கூடாது, நகரத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஏடிஎம்மில் பணம் நிரப்பக்கூடாது என்றெல்லாம் அவை சொல்கின்றன. நல்ல நோக்கம். ஆனால் அத்தனை ஆயுதக் காவலருக்கும் துப்பாக்கி எங்கிருந்து வரும்? தனக்கென்று உரிமமும் துப்பாக்கியும் வைத்திருப்பவரை அவற்றோடு சேர்த்து வேலைக்கு எடுப்பது இந்தத் தொழிலின் பழக்கம். துப்பாக்கியோடு வருபவருக்குச் சம்பளம் கொஞ்சம் கூட. தற்காப்புக்கென்று வாங்கிய தனிமனித உரிமம் இப்படி வேலைத் தகுதியாக மாறியது. கன்மேன் தேவை பெருகியதும், உரிமம் விற்கும் சந்தை தானாகவே உருவாகிவிட்டது.

பக்கத்து மாநிலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2021 செப்டம்பரில் திருவனந்தபுரம் கரமனையில் ஏடிஎம் பண நிறுவனத்துக்காகக் காவல் வேலை பார்த்த ஐந்து பேர் கைதானார்கள். ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி பகுதியைச் சேர்ந்தவர்கள். கையில் துப்பாக்கி, கூடவே உரிமப் புத்தகம். அந்த உரிமங்கள் போலி என்றது காவல்துறை. அதே மாதம் கொச்சி களமசேரியிலும் இதேபோலப் பல துப்பாக்கிகள் பறிமுதலாயின. கேரளம் தேடியதால் கண்டுபிடித்தது. தமிழ்நாட்டில் நிலைய வாரியாக அப்படி ஒரு சரிபார்ப்பு நடந்து, அதன் முடிவு மக்கள்முன் வைக்கப்பட வேண்டும் என்று கேட்கிறோம்.

அந்த ஐந்து பேரின் பக்கமும் ஒரு கணம் நின்று பார்க்கிறோம். மலைநாட்டு ஊர் ஒன்றிலிருந்து இரண்டு மூன்று நாள் ரயிலில் வந்து, மொழி தெரியாத ஊரில், தகரக் கூரை அறையில் படுத்து, ஊரார் பணத்தைக் காப்பவர்கள் இந்தக் கன்மேன்கள். தன் உரிமம் போலி என்பது தரகரிடம் காசு கொடுத்து வாங்கியவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தே வாங்கியவர்களும் இருக்கலாம். ஆனால் அவரை வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிச் சரிபார்க்க என்ன தடை இருந்தது? அவரிடம் தங்கள் பணத்தை ஒப்படைத்த வங்கிக்கு என்ன தடை? பிடிபடும்போது கம்பி எண்ணுவது மாதச் சம்பளக் காவலர் மட்டும்தான் என்றால், அந்த நீதியில் எங்களுக்கு உடன்பாடில்லை. துப்பாக்கிக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். நிறுவனத்துக்கு வங்கி பொறுப்பேற்க வேண்டும். காவலர் வேலையில் சேரும் நாளிலேயே அவர் உரிமத்தை, அதை வழங்கிய மாவட்டத்திடமே கேட்டு உறுதி செய்து, வேலை பார்க்கும் இடத்துக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். இதைச் செய்யாத நிறுவனத்தின் உரிமத்தை, 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின்படி நிறுத்தி வைக்க வேண்டும்.

இதை ஒட்டி ஓர் உறுதிமொழியும் எடுத்துக்கொள்கிறோம். இந்த இயக்கம் எந்த மாநிலத்தவருக்கும் எந்த மதத்தவருக்கும் எதிரானது கிடையாது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியதையும், பயந்துபோன தொழிலாளர்கள் மூட்டை கட்டியதையும் மறக்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் இயந்திரங்கள் அவர்கள் கையால் ஓடுகின்றன. எங்கள் உறுப்பினர் எவரும் தெருவில் எந்தக் காவலரையும் மறித்து 'உரிமத்தைக் காட்டு' என்று கேட்கக்கூடாது. அவரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. சந்தேகம் வந்தால் எழுத்தில் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவே. மீறுபவர் அன்றே இயக்கத்திலிருந்து நீக்கப்படுவார். சோதிப்பது காவல்துறையின் வேலை. அந்த வேலையைச் செய்ய வைப்பது எங்கள் வேலை.

ஆவடியைச் சுற்றி முன்னாள் படைவீரர்கள் நிறைய. கனரக வாகனத் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் காவல் படை முகாம், விமானப்படைத் தளம் என்று சீருடை அணிந்த ஊர் அது. பணிக்காலத்தில் எங்கோ ஒரு மாவட்டத்தில் முறையாக உரிமம் வாங்கி, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் பலர். நேர்மையாகப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள். பழைய மாவட்டம் ஆவணத்தை அனுப்பவில்லை, இங்கே உள்ள அலுவலகம் அது வராமல் ஏற்கவில்லை என்று இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் ஒருவர் மாட்டிக்கொண்டால், பதிவு செய்ய நினைத்தவரே பதிவில்லாதவர் ஆகிவிடுகிறார். ஒரு மாவட்டம் கேட்டால் மற்ற மாவட்டம் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் தாமதத்துக்கு அந்த அதிகாரி பெயர் சொல்லி விளக்கம் எழுத வேண்டும் என்று விதி வர வேண்டும். ஓட்டையை அடைக்கும்போது நேர்மையானவர் வழியை அகலமாக்குவதும் அதே அளவு அவசியம் என்று கருதுகிறோம்.

முறையாகப் பயிற்சி பெற்றவர் கையில் இருந்தால் ஆபத்தே இல்லை என்று சொல்வோருக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். 2011 ஜூலை 3 அன்று சென்னைத் தீவுத்திடல் அருகே ராணுவக் குடியிருப்புக்குள் பாதாம் பழம் பறிக்கப் போன பதிமூன்று வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவருக்கு அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. துப்பாக்கி கூவத்திலிருந்து எடுக்கப்பட்டது. எங்கள் ஊரைத் தொட்டுப் போகும் அதே ஆறு. எங்களில் பிள்ளை பெற்றவர்கள் அந்தச் செய்தியை இன்றும் மறக்கவில்லை.

துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமையா என்ற வாதத்துக்குள் நீண்ட தூரம் போக நாங்கள் விரும்பவில்லை. 1878ல் வெள்ளையர் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியரை மட்டும் கட்டியது. அந்த அவமானம் நினைவில் இருந்ததால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. 1948ல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. 2023ல் உரிமமில்லாத துப்பாக்கிகள் பற்றித் தானாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப் போல இங்கே அது அடிப்படை உரிமை இல்லை என்று சுட்டிக்காட்டியது. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் விவசாயி, நகைக்கடைக்காரர், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர், உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் உள்ளவர் ஆகியோருக்கு உரிமம் தர வேண்டியதுதான். யாருடைய முறையான உரிமத்தையும் பறிக்கக் கேட்கவில்லை.

அமெரிக்காவைச் சொன்னதால் அங்கிருந்து ஒரு பாடம். அங்கே மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். ஒரு மாநிலத்தின் அனுமதியை இன்னொன்று ஏற்கும் உடன்பாடுகளும் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா நகரில் காவல்துறை அனுமதி மறுத்தவர்கள், தபாலிலேயே புளோரிடா மாநில அனுமதியை வாங்கிவிடுவார்கள். இரு மாநிலங்களுக்கும் உடன்பாடு இருந்ததால், சொந்த ஊர் 'கூடாது' என்றவர் அதே ஊரில் சட்டப்படி துப்பாக்கியோடு நடந்தார். புளோரிடா ஓட்டை என்றே அதற்குப் பெயர் வந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2013 பிப்ரவரியில், பென்சில்வேனியாவாசிக்குப் பென்சில்வேனியா அனுமதிதான் செல்லும் என்று அந்த மாநிலத் தலைமை வழக்கறிஞர் மாற்றினார். அப்படியும் சண்டை ஓயவில்லை. ஒரு மாநில அனுமதியை எல்லா மாநிலமும் ஏற்றே ஆக வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. பிலடெல்பியாக்காரர்கள் கேட்டதைத்தான் நாங்களும் கேட்கிறோம். நெருங்கிப் பார்த்துத் தெரிந்தவர் சொன்ன 'கூடாது' என்பதைத் தூரத்து அலுவலகம் அழித்துவிடக் கூடாது.

அதனால் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் கேட்கிறோம். நிரந்தர முகவரி ஒரு மாநிலத்திலும் விண்ணப்பம் இன்னொரு மாநிலத்திலும் இருந்தால், இரண்டு இடத்துக் காவல் நிலைய அறிக்கையும் வராமல் உரிமம் எழுதக்கூடாது. அறிக்கை வராவிட்டாலும் முடிவெடுக்கலாம் என்ற சலுகை இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்குப் பொருந்தக்கூடாது. மறுக்கப்பட்ட விண்ணப்பங்களும் தேசியத் தரவுத்தளத்தில் ஏற வேண்டும். இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் உரிமங்கள் எந்தக் காரணத்துக்காக, எந்த மாவட்டத்தில், எத்தனை கொடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கையைப் பெயர்கள் இல்லாமல் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

தமிழ்நாடு அரசிடம் கேட்பது இன்னும் எளிது. இதற்கு டெல்லிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளிமாநில உரிமத்தோடு தமிழ்நாட்டில் தங்கியிருப்பவர் அனைவரும் ஒரு குறித்த நாளுக்குள் அந்தந்தக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய ஒரு முகாம் நடத்துங்கள். உண்மையான உரிமத்தோடு தானாக வந்து பதிபவருக்குத் தாமதத்துக்காக வழக்கு வேண்டாம். வராதவரைப் பிறகு தேடுங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. திருவேற்காடு வருவாய்க் கணக்கில் திருவள்ளூர் மாவட்டம். காவல் கணக்கில், 2022 ஜனவரி முதல், ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம். ஆட்சியர் அலுவலகத்துக் கோப்பும் ஆணையரகத்து ஏடும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிமாநில உரிமங்கள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் கூடிப் பட்டியலை ஒப்பிடும்படி கோருகிறோம்.

நாங்கள் செய்யப் போவது என்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எங்கள் நான்கு பகுதிகளின் காவல் நிலையங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்போம். உங்கள் எல்லையில் பதிவான வெளிமாநில ஆயுத உரிமங்கள் எத்தனை? பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம், எண்ணிக்கை போதும். எங்கள் பகுதி வங்கிக் கிளைகளுக்கு எழுதி, ஏடிஎம் காவலர்களின் உரிமங்கள் சரிபார்க்கப்பட்டனவா என்று கேட்போம். வழக்கறிஞர் உறுப்பினர்கள் காவலர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்வார்கள், இந்தியிலும் விளக்கம் தருவார்கள். சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும், எந்தக் கட்சியானாலும், இந்தக் கோரிக்கையைக் கையில் கொடுத்து, அவையில் பேசும்வரை திரும்பத் திரும்பப் போவோம். கட்சிக் கொடியோ சாதிச் சங்கப் பலகையோ இந்த மேடையில் ஏறாது. நன்கொடையை ஆயுத வணிகரிடமிருந்தும் பாதுகாப்பு நிறுவனங்களிடமிருந்தும் வாங்க மாட்டோம்.

திருவேற்காட்டு மக்களே, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் அன்பர்களே, உங்களில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள்தான் முதலில் இதில் சேர வேண்டும் என்று அழைக்கிறோம். நீங்கள் பதிவு செய்தவர்கள், தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைத்தவர்கள். பதியாதவரால் கெட்ட பெயர் வருவது உங்களுக்கும்தான். வெளிமாநிலத்தில் வாங்கிய உரிமம் உங்களிடம் இருந்தால், இந்த வாரமே காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலைக்கழித்தால் எங்களிடம் வாருங்கள், உடன் வருகிறோம். துப்பாக்கி இல்லாதவர்கள் இந்தப் பிரகடனத்தில் கையெழுத்திடுங்கள். உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் படித்துக் காட்டி, சங்கத் தீர்மானமாக நிறைவேற்றி ஆவடி ஆணையரகத்துக்கு அனுப்புங்கள்.